பிள்ளையை வைத்துக்கொண்டு காட்டு வேலைக்குப் போகிறவர்கள் யாராவது உண்டா? (ரீயூனியன் தீவு)

மலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நான் புதுச்சேரிக்காரி, படிக்க ரீயூனியன் வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டேன், இப்போது சேன் ஆந்த்ரேயில் இருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் சனி, ஞாயிறு என்றாலே கயிறும் ஹெல்மெட்டும்தான். சலாஸி பக்கம் த்ரூ தெ ஃபேர் பள்ளத்தில் அருவியோடு அருவியாக இறங்கியிருக்கிறேன், சேன் பியேரில் கிளம்பி தீவைக் குறுக்கே கடந்து சேன் தெனியில் முடியும் கிராண்ட் ரெய்டையும் ஓடியிருக்கிறேன் (மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர், அந்தப் பெருமையை இன்னொரு நாள் பேசுகிறேன்). பெண் பிறந்த பிறகு கயிற்றுக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. அதில் பெரிய ஏக்கம் ஒன்றும் இல்லை, நம்புங்கள்.

இப்போது மனசெல்லாம் பேபூர், பெலூவ் மழைக்காட்டில் இருக்கிறது. சகதி தெறிக்க ஓடிய பாதையோரம் எல்லாம் லொங்கோஸ் என்ற களைச்செடி இடுப்பளவு மண்டிக் கிடக்கிறது, கொயாவியே புதர் ஆள் நுழைய விடாமல் நிற்கிறது. களையெடுக்கும் குழு ஒன்றில் கேட்டேன், நாலு வயசுப் பிள்ளையோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அதுவும் நியாயம்தான். ரோஷ் எக்ரீட் மலையில் துயிதுயி குருவியின் கூட்டைக் காக்க எலி ஒழிக்கும் வேலைக்குப் போகலாம் என்றால், நாள் முழுக்கச் சரிவில் நடக்கணும், பெண்ணை மாமியாரிடம் விட்டுவிட்டுத்தான் போகணும். அவர் ஏற்கெனவே "அம்மா ஆனவளுக்கு இன்னும் என்ன காடு" என்கிறார்.

பெண்ணையும் கூட்டிக்கொண்டு உருப்படியாகச் செய்கிற வேலை ஏதாவது உண்டா? ஒரு செடியை நட்டு நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வருகிற வேலை வேண்டாம்.

பால்மிஸ்த் வாசி:

குழு சொன்னது சரி. லொங்கோஸ் நம்ம இஞ்சிக் குடும்பம், இமயமலைப் பக்கத்துச் செடி, பூவுக்காகத் தோட்டத்தில் வைத்தது காட்டுக்குள் போய்விட்டது. தண்டை வெட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது. கிழங்கு ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னி மண்ணை மூடிவிடும், உள்ளூர் மரத்தின் விதை விழுந்தாலும் வேர் விட இடம் இருக்காது. கிழங்கை முழுசாகத் தோண்டி மூட்டை கட்டி வெளியே கொண்டுவரணும், ஒரு துண்டு விட்டுப்போனால் அங்கிருந்தே திரும்பக் கிளம்பும். கத்தி, மண்வெட்டி, வழுக்கல் எல்லாம் சேர்ந்த வேலை, பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

கொயாவியே வேற கதை. பிரேசிலிலிருந்து வந்த அந்தச் செடியின் பழத்துக்கு எங்கள் பிளேன் தெ பால்மிஸ்த்தில் ஜூன் மாதம் திருவிழாவே நடக்கிறது! ஊரே ஜாம் காய்ச்சும். மிச்சத்தைச் செம்மீசைச் சின்னான் தின்று காடு முழுக்க விதைத்துவிடும், அதுவும் நம்ம ஊர்ப் பறவைதான், இங்கே கொண்டுவந்து விட்டது. அதனால் களை பிடுங்கிய இடத்துக்கே வருஷா வருஷம் திரும்பப் போகணும். ஒரு தடவை வந்து வீரம் காட்டிவிட்டுப் போகிறவர்களால் பிரயோஜனம் குறைவு (உங்களைச் சொல்லவில்லை).

ஆனால் கயிற்றை மூட்டை கட்ட வேண்டாம். மனிதனும் மாடும் எட்டாத செங்குத்துப் பாறையில்தான் சில அரிய செடிகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. சேன் லூவில் மஸ்கரேன் தாவரவியல் காப்பகம் இருக்கிறதே, அங்கே போய்க் கயிற்றில் இறங்கத் தெரியும் என்று பெயர் கொடுத்து வையுங்கள்.

பொசெஸியோன் அக்கா:

தங்கச்சி, ஏன் மழைக்காட்டையே பிடித்துக்கொண்டு நிற்கிறாய்? பேபூர் ஓரளவு நிற்கிறது, 2007 முதல் தேசியப் பூங்கா, 2010இல் யுனெஸ்கோ பட்டியலும் ஆயிற்று. கிட்டத்தட்ட துடைத்தெடுத்தது போலப் போனது மேற்குக் கரையின் வறண்ட காடு. கிராண்ட் ஷாலூப் பக்கம் 2009 முதல் ஐரோப்பிய உதவியோடு திரும்ப நட்டு வளர்க்கிறார்கள். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த நம்மவர்களை இறங்கியதும் நோய்க்குப் பயந்து அடைத்து வைத்த லாசரே அங்கேதான் இருக்கிறது, பெண்ணுக்கு அதையும் காட்டு. கார் கிட்டே வரைக்கும் போகும்.

அங்கே பிள்ளைக்கு நிஜமாகவே வேலை உண்டு. இந்தத் தீவுச் செடிகள் பலவற்றில் கன்று ஒரு மாதிரி, மரம் ஒரு மாதிரி. புவா ரூஷ் கன்றைப் பார், இலை விரல் அகலம்கூட இல்லாமல் நீளமாக, கரும்பச்சையாக, நடுநரம்பு மட்டும் சிவப்புக் கோடாக இருக்கும். மரமானதும் இலை அகன்று சாதாரணப் பச்சையாகிவிடும், இரண்டும் ஒரே மரம் என்றால் நம்ப மாட்டாய். முன்பு இங்கே ராட்சத ஆமைகள் இருந்தன, அவை கழுத்தெட்டும் உயரம் வரை இலையைத் தின்னாமல் இருக்க இந்த வேஷம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஆமைகள் அழிந்துவிட்டன, வேஷம் மட்டும் தொடர்கிறது. புதிதாக வருகிற பெரியவர்கள் இதைக் களை என்று நினைத்துப் பிடுங்கிவிடுவதுதான் தொல்லை. உன் பெண்ணுக்கு நாலு கன்றைக் காட்டிவிடு, முழங்கால் உயரத்தில் கண் இருப்பதால் நமக்கு முன்னால் அவளே கண்டுபிடிப்பாள். குச்சி நட்டு ரிப்பன் கட்டுவது அவள் பொறுப்பு.

ஏப்ரலில் இன்னொன்று. பரோ பெத்ரெல் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் பித்தோன் தெ நேஜ் உச்சிப் பக்கத்திலிருந்து முதல் தடவையாக இரவில் கடலுக்குக் கிளம்பும். தெருவிளக்கிலும் மைதான விளக்கிலும் கண் கூசித் தரையில் விழுந்துவிடும், தானாக எழும்பிப் பறக்க முடியாது. கண்டால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மீட்பு மையத்தில் சேர்க்கணும். பாவம் என்று தண்ணீரோ சோறோ ஊட்டக் கூடாது, பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்லி வை.

அப்புறம் அடுக்களை. பால்மிஸ்த் என்ற பனைவகை மரத்தின் குருத்தை சாலட் விருந்துக்கு வாங்கும்போது தோட்டத்தில் வளர்த்ததா என்று கேள். ஒரு குருத்துக்கு ஒரு மரம் போகிறது, காட்டில் திருட்டுத்தனமாக வெட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆர்க்கிட் வைக்க ஃபான்ஜான் (மரப்பெரணித் தண்டு) தொட்டி வாங்கினாலும் இதே கேள்விதான்.

இரண்டு பிள்ளை அப்பா:

எல்லாம் சரி, அந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லையா? மாதம் ஒரு ஞாயிறு அவர் பார்த்துக்கொண்டால் ரோஷ் எக்ரீட் போய் வரலாமே. நான் இத்தனை வருஷமாக மலைக்குப் போகிறேன், "அப்பா ஆனவனுக்கு என்ன காடு" என்று ஒருத்தரும் கேட்டதில்லை. துயிதுயி உலகத்திலேயே அந்த மலைப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது, கூட்டில் ஏறும் எலியைக் குறைத்தால்தான் குஞ்சு தேறும். அந்தச் சரிவில் நாள் முழுக்க நடக்கக் கால் உள்ளவர்கள் குறைவு, உங்களுக்கு இருக்கிறது.

மாமியாருக்கு ஜூலியான் கோப்கே கதையைச் சொல்லுங்கள். 1971 டிசம்பர் 24, பெருவில் விமானம் இடியில் சிதறி, இருந்த 92 பேரில் பிழைத்தது 17 வயசு அவர் ஒருத்தர்தான், அம்மாவும் போய்விட்டார். ஓடை போகும் வழியே 11 நாள் நடந்து ஆளைக் கண்டார். காட்டில் அப்படிப் பிழைக்க எப்படித் தெரியும்? பெற்றோர் இருவரும் விலங்கியல் ஆய்வாளர்கள், பங்குவானா என்ற இடத்தில் 1968இல் ஆய்வு நிலையம் போட்டு, பெண்ணையும் அந்த மழைக்காட்டுக்கே கூட்டிப்போய் வைத்திருந்தார்கள். 2000இல் அப்பா இறந்த பிறகு அந்த இடத்தை அவரே ஏற்று, 2011இல் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கவும் வைத்தார். காட்டுக்குக் கூட்டிப்போனதால் பிள்ளை கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

மலைக்காரி:

கணவரிடம் இதைக் காட்டினேன், "அப்பா இல்லையா" என்ற வரியில் கொஞ்சம் முகம் சுருங்கி, பிறகு மாதம் ஒரு ஞாயிறுக்குச் சம்மதித்துவிட்டார். எலி வேலைக்குப் பெயர் கொடுக்கிறேன், காப்பகத்துக்கும் எழுதுகிறேன். மாமியாரின் பால்மிஸ்த் சாலட் விஷயத்தை யார் எடுப்பது என்பதுதான் பாக்கி, இரண்டு பேரும் அடுத்தவர் தலையில் தள்ளுகிறோம். அக்கா, கிராண்ட் ஷாலூப்புக்குப் பெண்ணுக்கு என்ன போட்டுவிடணும்?

பொசெஸியோன் அக்கா:

முழுக்கை சட்டை, தொப்பி, மூடின ஷூ. அங்கே நிழலே கிடையாது, காலையில் ஏழு மணிக்கு வந்து பத்துக்குள் கிளம்பிவிடுங்கள். பேபூரில் போட்ட ஷூவானால் அடியில் ஒட்டின மண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வா, அந்தப் பக்கத்து விதை இங்கே வேண்டாம். ரிப்பன் நான் கொண்டுவருகிறேன்.