மண்ணில் வண்டி ஓட்டப் போய் நீங்கள் சந்தித்தவர்கள் யார்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

டர்ட் பைக் என்றதும் எல்லோரும் முதலில் ஜம்ப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு உயரம் போகும், பயமாக இருக்காதா, கீழே வந்தால் முதுகு என்ன ஆகும் என்று. எனக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஜம்ப்பைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் மெக்கானிக். சிங்காநல்லூர் பக்கம் சின்னப் பட்டறை. ஆர்எக்ஸ் 100, ஷோகன் காலத்திலிருந்து டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பிரித்து மேய்ந்தவர். அந்தக் காலத்தில் டர்ட் ரேஸ் என்றாலே ரோட்டு வண்டிதான். லைட்டைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட்டை மாற்றி, சைலன்சரைத் தட்டி நிமிர்த்தி, அதையே ரேஸுக்குக் கொண்டு வருவார்கள்.

எங்கள் ஊரில் நான் பார்த்த ரேஸ்கள் பெரும்பாலும் தற்காலிகத் தடங்களில் நடந்தவை. காலி மைதானத்தில் லோடு லோடாக மண் அடித்து, ஜேசிபி வைத்து மேடு கட்டுவார்கள். புழுதி கிளம்பாமல் இருக்கத் தண்ணி லாரி விட்டு நனைப்பார்கள். ஞாயிறு ரேஸ் முடிந்தால் அடுத்த சில நாளில் எல்லாம் சமதரை ஆகிவிடும்.

அப்படி ஒரு ரேஸுக்கு முந்தின இரவு நல்ல மழை. காலையில் அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தடத்தைச் சுற்றி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வளைவிலும் குனிந்து ஒரு பிடி மண் எடுப்பார், உள்ளங்கையில் உருட்டுவார், கட்டைவிரலால் அழுத்துவார். செம்மண் கொட்டியிருந்த இடத்தில் உருண்டை உடைந்து உதிர்ந்தது. "இங்க டயர் பிடிக்கும், தைரியமா முறுக்கலாம்" என்றார். கடைசி வளைவு மைதானத்தின் சொந்த மண், சுத்தக் கரிசல். உருண்டை அப்படியே நின்றது. விரலை விட்டுப் பிரியவே இல்லை. பட்டறை வண்டிக்குத் திரும்பியதும் முன் மட்கார்டின் அடியில் எண்ணெயைத் தடவச் சொன்னார்.

ரேஸில் அந்தக் கடைசி வளைவில்தான் பாதிப் பேர் நின்றார்கள். கரிசல் டயரில் சுற்றி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டது. ரோட்டு வண்டியின் மட்கார்டு டயரை ஒட்டியே இருக்கும். மண் தட ரேஸுக்கென்றே செய்த உண்மையான மோட்டோகிராஸ் வண்டியில் முன் மட்கார்டை அவ்வளவு உயரத்தில் வைத்திருப்பது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் பட்டறை வண்டியை ஓட்டிய பையன் அந்த வளைவில் குழைந்து கிடந்த கரிசலை விட்டு விலகி, வெளிப்பக்க ஓரமாகச் சுற்றி வந்தான். தூரம் அதிகம்தான், ஆனால் வண்டி நிற்கவில்லை.

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்க வேண்டும். முழங்கை வெளியே, பார்வை முன் சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில். டேங்கை இரண்டு முட்டியாலும் கவ்வ வேண்டும். வாயால் சொன்னால் யாருக்கும் வராது என்று, மடித்த பழைய செய்தித்தாளை ஒவ்வொரு முட்டிக்கும் டேங்குக்கும் நடுவே செருகிவிட்டார். பேப்பர் கீழே விழாமல் மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். விழுந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து. தொடை கிடுகிடுவென்று ஆடும். ஆனால் கால் கவ்வினால் கைக்கு வேலை குறைகிறது. கையால் தொங்கிக்கொண்டு ஓட்டுபவனுக்குச் சில நிமிடத்திலேயே முழங்கைக்குக் கீழே தசை இறுகிவிடும், பிரேக் லிவரை மடக்க விரல் வராது. மோட்டோகிராஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒவ்வொரு ரேஸும் 30 நிமிடம், அதற்கு மேல் இரண்டு சுற்று. ஒரே நாளில் இரண்டு ரேஸ். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள 450 சிசி வண்டியை அவ்வளவு நேரம் மேட்டிலும் பள்ளத்திலும் கட்டுப்படுத்துவது முக்கால்வாசி கால்தான்.

சரி, மற்றவர்கள் சொல்லுங்கள்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து:

அண்ணாச்சி, உங்களுக்குக் கரிசல், எங்களுக்குத் தேரி. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கண்ணுக்கெட்டும் தூரம் வரை சிவப்பு மணல் மேடு, நடுவே பனையும் முந்திரியும். தேரியில் பெரும்பகுதி வனத்துறை நிலம். அதற்குள் வண்டியை விடக் கூடாது, நாங்களும் விடுவதில்லை. தெரிந்தவர் ஒருவருடைய பட்டா நிலம் ஓரமாக இருக்கிறது, அவரிடம் கேட்டுக்கொண்டு அங்கே ஓட்டுகிறோம்.

என் வண்டி எக்ஸ்பல்ஸ் 200. ஏறக்குறைய 160 கிலோ. தார் ரோட்டில் இறகு மாதிரி இருக்கும் அதே வண்டி, தேரியில் இறங்கியதும் முன் சக்கரம் புதைந்து, ஹேண்டில்பார் ஒரு பக்கமாக மடங்கி, தன் இஷ்டத்துக்குப் போகும். ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் எடை முன்னால் சாயும், சக்கரம் இன்னும் புதையும். நானும் நண்பனும் ஒரு நாள் வண்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பனையேறும் தாத்தா வந்தார். சைக்கிள், பின்னால் இரண்டு குடம். அந்த மணலில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பாதையைப் பார்த்ததும் எங்களுக்கு ஆச்சரியம். சக்கரம் புதையவே இல்லை.

"பனை நிக்கிற வரிசையை ஒட்டி வாங்க தம்பி, அங்க வேர் இருக்கு, மணல் இறுகிக் கிடக்கும். மத்த இடம் காலையில பனி ஈரம் இருக்கறப்ப மட்டும் தாங்கும். வெயில் ஏறிட்டா பொலபொலன்னு ஆயிரும். எங்கயும் நிப்பாட்டாதீங்க, நிப்பாட்டுனா பூந்துரும்" என்றார்.

மணலில் ஓட்டுவது பற்றி நான் பார்த்த வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் சுற்றிச் சுற்றிச் சொன்னது இதைத்தான். பெல்ஜியத்தில் லோமல் என்று ஒரு மணல் தடம் இருக்கிறது, மோட்டோகிராஸில் உலகத்துக்கே தெரிந்த கடினமான தடம். நெதர்லாந்துக்காரர் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ் மணலில் ஓட்டுவதைப் பாருங்கள். ஐந்து முறை உலகச் சாம்பியன். எடையைப் பின்னால் வைத்து, முன் சக்கரத்தை லேசாக்கி, வளைவுக்கு முன்னால் மற்றவர்கள் ஆக்ஸிலேட்டரை விடும் இடத்திலும் அவர் விட மாட்டார். ஹேண்டில்பாரைத் திருப்புவதைவிட இடுப்பையும் காலையும் வைத்துத்தான் வண்டியைத் திருப்புவார். நாங்கள் இப்போது ஓட்டுவது அதிகாலையில்தான். சூரியன் கிளம்பும்போது இறங்கி, மணல் உதிர ஆரம்பிக்கும்போது ஏறிவிடுவோம். ஜம்ப் கிடையாது, மேடுகூடப் பெரிதாகக் கிடையாது. அப்படியும் இறங்கும்போது சட்டையைப் பிழியலாம்.

டயர் காற்றைக் குறைத்து ஓட்டுகிறோம், பிடிமானம் நன்றாக வருகிறது. ஆனால் ரொம்பக் குறைத்ததில் ஒரு தடவை டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றி டியூப் வால்வு பிய்ந்துவிட்டது. டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இன்னொரு கேள்வி: வண்டி இப்போது இழுக்க மாட்டேன் என்கிறது, ஏர் ஃபில்டராக இருக்குமா?

ஓசூரிலிருந்து, ஒரு அம்மா:

எனக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டத் தெரியும். ஓட்டுவது என் பையன், ஏழாவது படிக்கிறான். நாங்கள் இருக்கும் ஊரில்தான் டிவிஎஸ் தொழிற்சாலை. 1982-லேயே ரேஸுக்கென்று தனி அணி தொடங்கிய கம்பெனி அது. என் வீட்டுக்காரர் டிவியில், பாலைவனத்தில் நாள்கணக்கில் ஓடும் டக்கார் ராலி பார்ப்பார், பக்கத்தில் உட்கார்ந்து இவனுக்கும் பைத்தியம் பிடித்தது. சி.எஸ். சந்தோஷ் 2015-ல் டக்காரை ஓடி முடித்த முதல் இந்தியர் என்பதும், ஷொரனூர்ப் பையன் ஹரித் நோவா 2024-ல், முதல் தர ரைடர்களுக்கு அடுத்ததான ராலி 2 பிரிவில் ஜெயித்து மொத்தத்தில் 11-ஆவது வந்ததும் இவனுக்குப் பாடத்தைவிட நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் மேடு கட்டிய மண் தடத்தில் ஓடும் சூப்பர்கிராஸிலிருந்து போனவர்கள் என்று எனக்கே வகுப்பெடுப்பான். அதே சந்தோஷ் 2021-ல் சவுதியில் நடந்த டக்காரில் விழுந்து, டாக்டர்கள் அவரைச் செயற்கைக் கோமாவில் வைத்திருந்ததும் எனக்குத் தெரியும். அம்மா அதைத்தான் முதலில் படிப்பாள்.

கர்நாடகத்தில் ஒரு பயிற்சி இடத்தில் சேர்த்தோம். குழந்தைகளுக்கு 65 சிசி வண்டி. அதுவே 60 கிலோ, என் பையனைவிட எடை அதிகம். முதல் நாள் நான் ஜம்ப் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடிக்கொண்டே நின்றேன், அங்கே அனுப்பினால் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று. பயிற்சியாளர் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. கீழே படுக்க வைத்து, எப்படித் தூக்குவது என்று காட்டினார். கையால் இழுக்காமல், குனிந்து முட்டியை மடக்கி, ஹேண்டில்பாரை இடுப்போடு சேர்த்து எழ வேண்டும். பையன் தூக்கினான், மறுபடி படுக்க வைத்தார், மறுபடி தூக்கினான். அப்புறம் இரண்டு டயரை நட்டு வைத்து எட்டு போடச் சொன்னார். மாதக்கணக்கில் அந்த எட்டுதான்.

அங்கே எங்களுக்குப் பழக்கமான ஒரு பெண் இருக்கிறாள், காலேஜ் படிப்பவள். என் பையனின் பூட்ஸ் பக்கிளைப் பார்த்ததும் குனிந்து எல்லாவற்றையும் அவிழ்த்து, கீழேயிருந்து மேலாக ஒவ்வொன்றாக இறுக்கிப் போட்டுவிட்டாள். "கணுக்கால் போனா ஒரு வருஷம் போச்சுடா" என்று அவனிடம் சொன்னாள். என்னிடம் திரும்பி, "ஆன்ட்டி, ஹெல்மெட்டுக்குச் செலவு பண்ற மாதிரி பூட்ஸுக்கும் கழுத்தைக் காக்கிற நெக் பிரேஸுக்கும் பண்ணுங்க, வண்டியைப் பழசா வாங்கிக்கலாம்" என்றாள். அப்படியே செய்தோம். வண்டி மூன்றாவது கை. பூட்ஸ் புதுசு, கால் வளர வளர மாற்றிக்கொண்டே இருக்கிறோம். இந்தச் செலவை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து, கொடி பிடிப்பவன்:

நான் ஓட்டுபவன் இல்லை, மார்ஷல். இரண்டு மேட்டை ஒரே தாவலில் தாண்டும் டபுள் ஜம்ப் பக்கத்தில் மஞ்சள் கொடியோடு நிற்பது என் வேலை. ஏறிவரும் ரைடருக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. என் கொடி ஆடினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது, ஜம்ப் அடிக்காமல் மேட்டில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். விதி அவ்வளவுதான். அதை மதிப்பதில்தான் உயிர் இருக்கிறது.

ஒரு ரேஸில் முன்னால் போனவர் இறங்கும் இடத்திலேயே விழுந்துவிட்டார். வண்டி அவர் காலின் மேல். நான் கொடியை வீசுகிறேன், பின்னால் இரண்டாவது இடத்தில் ஒருவர் முழு வேகத்தில் வருகிறார். கடைசிச் சுற்றுகள், அவருக்கு முதல் இடம் கையில் விழுந்த நேரம். கொடியைப் பார்த்த கணத்தில் ஆக்ஸிலேட்டரை மூடி, உட்கார்ந்து, மேட்டில் உருண்டு ஏறி, விழுந்தவரைச் சுற்றிக்கொண்டு போனார். மூன்றாவதாக வந்தவரும் அப்படியே உருட்டினாலும், இருவருக்கும் இருந்த இடைவெளி கரைந்துபோனது. அடுத்த வளைவு தாண்டி, கொடி இல்லாத இடத்தில், அவர் முந்தப்பட்டார். ரேஸ் முடிந்ததும் நான் அவரிடம் போய்க் கை கொடுத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "கீழ இருந்தவருக்கு ஒண்ணும் இல்லையே?" என்றுதான் கேட்டார். நான் பார்த்த ரைடர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் அவர்தான், அன்றைக்கு அவர் ஒரு ஜம்ப்பை அடிக்காமல் விட்டதற்காக.

பார்க்க வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கயிற்றைத் தாண்டி வராதீர்கள். வீடியோ எடுக்க வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள், வண்டி கைமீறினால் அங்கேதான் வரும். இலங்கையில் தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் 2024 ஏப்ரல் 21 அன்று ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மேல் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமியும் உண்டு. நாங்கள் விசில் அடித்துக் கத்துவது உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து, மறுபடியும்:

ஓசூர் அம்மாவுக்கு: பயிற்சியாளர் எட்டு போட வைக்கிறார் என்றால் பையன் நல்ல கையில் இருக்கிறான். ரேஸில் நேரம் போவதும் வருவதும் வளைவில்தான். எனக்கு இருக்கும் ஒரே ஆதங்கம், வண்டி செய்யும் ஊரிலிருந்து ஒரு பிள்ளை மண்ணில் பழக மாநிலம் தாண்டிப் போக வேண்டியிருக்கிறதே என்பதுதான். ஒவ்வொரு ரேஸுக்கும் மண்ணைக் கொட்டி, கட்டி, மறுபடி இடிக்கும் செலவில் ஊருக்கு ஒரு நிரந்தரத் தடம், சின்னதாகவாவது, வந்திருக்கலாம்.

சாத்தான்குளம் தம்பிக்கு: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரைத்தான், அண்ணனிடமும் கேட்டேன். காகித ஃபில்டர் என்றால் கழுவக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஃபோம் ஃபில்டர் போட முடிந்தால், ஒவ்வொரு தடவை ஓட்டியதும் கழற்றிக் கழுவி, நிழலில் முழுசாகக் காய வைத்து, ஃபில்டர் ஆயிலில் ஊறப் பிசைந்து பிழிந்து மாட்டுங்கள். பிசைந்தபின் எங்கேயும் காய்ந்த திட்டு தெரியக் கூடாது, தேரி மணல் அந்த வழியாக உள்ளே போனால் பிஸ்டனையும் சிலிண்டரையும் தேய்த்துவிடும். ஃபில்டர் உட்காரும் விளிம்பில் லேசாகக் கிரீஸ் தடவுங்கள். கழற்றியிருக்கும்போது இன்ஜினுக்குப் போகும் வாயைச் சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள், மாட்டும் முன் அந்தத் துணியை எடுக்க மறக்காதீர்கள். ரிம் லாக் பின் சக்கரத்துக்கு முதலில் போடுங்கள், முன்னால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.