கோல்டு நிலைக்கு மைல் போதவில்லை: திட்டத்தின் சொந்த நிறுவனமா, பங்காளி நிறுவனமா?

உறையூரான் | திங்கள், இரவு 11.40

அவசரம். நாளை மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் சேர்ந்திருக்கும் விமான நிறுவனத்தின் மைல் திட்டத்தில் கோல்டு நிலைக்கு 50,000 மைல் தேவை. என் கணக்கில் 61,300 இருக்கிறது, ஆனாலும் இன்னும் சில்வர் என்றே காட்டுகிறது. அடுத்த மாதம் ஃபிராங்க்ஃபர்ட் போகிறேன். அவர்களோடு கூட்டணியில் உள்ள பங்காளி நிறுவனத்தில் டிக்கெட் 280 வெள்ளி குறைவு. அதில் போனால் கணக்கில் ஏறுமா, அல்லது திட்டத்தை நடத்தும் சொந்த நிறுவனத்திலேயே போவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜன்னலோரம் | திங்கள், இரவு 11.52

எந்தத் திட்டம்? எந்த ஊரிலிருந்து? பங்காளி என்றால் எது? எதுவும் சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது?

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 6.15

வெள்ளி என்று எழுதியிருக்கிறார், 50,000 என்கிறார். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் திட்டமான கிரிஸ்ஃபிளையர்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஐயா, கணக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது செலவழிக்கக்கூடிய மைல். அதற்குக் கீழே எலீட் மைல் என்று தனியாக இருக்கும். நிலையைத் தீர்மானிப்பது இரண்டாவது மட்டும்தான். கிரெடிட் கார்டிலிருந்து மாற்றிய மைல்கள் முதல் எண்ணில் சேரும், இரண்டாவதில் ஒன்றுகூடச் சேராது. அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். கூடவே, உங்கள் சில்வர் எந்தத் தேதிவரை என்றும் பாருங்கள். டிசம்பர் 31 என்று நினைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தேதி வேறு.

முப்பதாண்டுப் பயணி | செவ்வாய், காலை 7.02

இந்தக் கேள்வி மாதம் இரண்டு முறை வருகிறது. தம்பி, திட்டத்தில் சேரும்போது விதிமுறையை ஒரு முறையாவது படித்திருக்க வேண்டும். 61,300 இருந்தும் கோல்டு வரவில்லை என்று கேட்பவர் எலீட் மைல் என்ற சொல்லையே பார்த்ததில்லை என்று தெரிகிறது. நான் ஆறு ஆண்டுகளாகப் பிபிஎஸ் உறுப்பினர், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் கோல்டுக்கும் மேலான நிலை அது. அதற்கு ஆண்டுக்கு 25,000 சிங்கப்பூர் வெள்ளி, அதுவும் பிசினஸ் வகுப்பிலோ அதற்கு மேலோ செலவாக வேண்டும். பங்காளி விமானத்தில் பறந்தால் அந்தக் கணக்கில் ஒரு வெள்ளிகூட ஏறாது. நிலை வேண்டும் என்பவர் வீட்டு விமானத்தில் பறக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜன்னலோரம் | செவ்வாய், காலை 7.20

அவர் கேட்பது பிபிஎஸ் இல்லை, கோல்டு. கோல்டுக்குப் பங்காளியின் மைலும் சேரும். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மின்டிக்கெட் | செவ்வாய், காலை 7.48

எல்லாவற்றுக்கும் ஒரே வழி, டிக்கெட் எண்ணைப் பார்ப்பது. 618 என்று தொடங்கினால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விற்ற டிக்கெட். யார் விமானத்தில் ஏறினாலும் மைல் சரியாக வந்துவிடும். என் அனுபவத்தில் இது தவறியதே இல்லை.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 8.05

மின்டிக்கெட் சொல்வது வேறு திட்டத்துக்குப் பொருந்தும். யுனைடெட்டில் டிக்கெட் எண் 016 என்று தொடங்கினால் கொடுத்த கட்டணத்தை வைத்துப் புள்ளி, வேறு எண் என்றால் வேறு கணக்கு. கிரிஸ்ஃபிளையரில் முதலில் பார்க்க வேண்டியது டிக்கெட்டில் வகுப்பு என்ற இடத்தில் இருக்கும் ஒற்றை ஆங்கில எழுத்து. ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை, ஒருவருக்கு முழுத் தூரமும் ஏறும், மற்றவருக்குப் பூஜ்யமும் வரலாம். ஒவ்வொரு பங்காளிக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. 280 வெள்ளி மிச்சமா இல்லையா என்பதை அந்த எழுத்துதான் சொல்லும்.

உறையூரான் | செவ்வாய், மதியம் 1.10

மன்னிக்கவும், அலுவலகத்தில் இருந்தேன். கிரிஸ்ஃபிளையர்தான். சிங்கப்பூரிலிருந்து. எலீட் மைல் 39,200. சில்வர் இன்னும் பத்து வாரத்தில் முடிகிறது. மீதி 22,100 கார்டிலிருந்து மாற்றியது. எழுத்து எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. இன்னொன்று: மார்ச்சில் டோக்கியோவிலிருந்து ஜப்பானிய நிறுவனத்தின் விமானத்தில் திரும்பினேன், என் உறுப்பினர் எண்ணைக் கொடுக்க மறந்துவிட்டேன். அது போனதுதானா?

தேக்கா வாசி | செவ்வாய், மதியம் 1.31

போகவில்லை! பயணம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கோரலாம். போர்டிங் பாஸும் டிக்கெட் எண்ணும் வேண்டும். வேறு எந்தத் திட்டத்திலும் அந்தப் பயணம் ஏறியிருக்கக் கூடாது. நான் போர்டிங் பாஸ்களை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன். ஓசாகாவிலிருந்து வந்த ஒரு பயணத்தை அப்படித்தான் மீட்டேன். அந்தத் துண்டில் எழுத்து பாதி அழிந்திருந்தது, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இப்போதே தேடுங்கள், தம்பி.

எடிசன்வாசி | செவ்வாய், மாலை 6.40

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், எனக்கு இது மிகப் பிடித்த விஷயம். வீட்டு விமானத்தின் திட்டம்தான் நல்லது என்ற நம்பிக்கையை விட வேண்டும். யுனைடெட் திட்டத்தில் எந்த நிலைக்கும் குறைந்தது நான்கு பயணம் யுனைடெட் விமானத்திலேயே பறக்க வேண்டும். அப்படிக் கோல்டு வாங்கினாலும், அமெரிக்காவுக்குள் மட்டும் பறக்கும்போது அந்த அட்டையைக் காட்டி விமான நிலையத்தில் யுனைடெட்டின் ஓய்வறையான லவுஞ்சுக்குள் போக முடியாது. ஆனால் சிங்கப்பூர் அட்டையில் ஸ்டார் கோல்டு, அதாவது இரண்டு நிறுவனங்களும் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி முழுதும் செல்லும் கோல்டு, வைத்திருப்பவர் அதே வாசலில் நேராக உள்ளே போகிறார். நெவார்க்கில் நானும் என் மைத்துனரும் ஒரே விமானத்துக்காக நின்றோம். அவர் உள்ளே போனார், நான் வெளியே. அன்றே என் எண்ணை மாற்றினேன்.

முப்பதாண்டுப் பயணி | செவ்வாய், இரவு 8.15

லவுஞ்சில் ஒரு தட்டு நூடுல்ஸுக்காக விசுவாசத்தை மாற்றுவதா? வானிலை கெட்டு விமானம் ரத்தாகும் நாளில்தான் வீட்டு நிறுவனத்தின் அருமை தெரியும். தன் உறுப்பினரைத்தான் முதலில் அடுத்த விமானத்தில் ஏற்றுவார்கள்.

எடிசன்வாசி | செவ்வாய், இரவு 8.50

நூடுல்ஸ் இல்லை ஐயா. நான்கு மணி நேர இடைவெளியில் குழந்தையைப் படுக்கவைக்க ஒரு சோபா. அது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு இல்லை.

லூயிஷாம் அக்கா | செவ்வாய், இரவு 9.30

இரண்டு பேருடைய வாதத்துக்கும் காலாவதித் தேதி இருக்கிறது. லண்டனில் இருந்து சொல்கிறேன். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி என்று மாற்றிவிட்டது, கோல்டுக்கு 20,000. லுஃப்தான்ஸாவின் திட்டத்தில் செனேட்டர் நிலைக்கு 2,000 புள்ளி, அதில் 1,000 அவர்கள் குழும விமானங்களிலேயே வர வேண்டும். தூரத்தை வைத்து, பங்காளியில் பறந்தும் நிலை வாங்கும் கதவு ஒவ்வொன்றாகக் குறுகுகிறது. கிரிஸ்ஃபிளையரில் இன்னும் திறந்திருக்கிறது. அதனால் தம்பி இந்தச் சண்டையைப் படிக்காமல் டிக்கெட்டின் எழுத்தைப் போய்ப் பார்க்கட்டும்.

ஜன்னலோரம் | செவ்வாய், இரவு 9.44

உறையூரான், கோல்டு எதற்கு வேண்டும் என்று சொல்லவே இல்லையே. ஊருக்கு எதில் போகிறீர்கள்?

உறையூரான் | செவ்வாய், இரவு 10.20

அம்மாவுக்குச் சாமான் கொண்டுபோகத்தான். கூடுதல் 20 கிலோ கிடைக்கும் என்றார்கள். திருச்சிக்கு எப்போதும் ஸ்கூட் மலிவு விமானம்தான், நேராகப் போகிறது.

ஜன்னலோரம் | செவ்வாய், இரவு 10.28

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! ஸ்கூட் ஸ்டார் அலையன்ஸில் இல்லை. ஸ்டார் கோல்டு அட்டைக்குரிய 20 கிலோவை அங்கே கேட்க முடியாது. திருச்சிக்குப் பறக்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் அப்படியே, ஏர் இந்தியா 2014இல் கூட்டணியில் சேர்ந்தும்கூட. கோல்டு வாங்கிவிட்டு ஸ்கூட்டில் போனால் அந்த 20 கிலோ அம்மாவுக்குப் போகாது.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 11.05

இப்போதுதான் படம் முழுமையாகிறது. 10,800 குறைகிறது. சிங்கப்பூர், ஃபிராங்க்ஃபர்ட் ஒரு வழி ஏறக்குறைய 6,390 மைல். போய்வர 12,780. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் மிக மலிவான லைட் கட்டணம் என்றால் பாதி, 6,390. டோக்கியோ பயணம் முழுத் தூரம் தரும் எழுத்தாக இருந்தால் ஏறக்குறைய 3,300. மொத்தம் 9,690. இன்னும் 1,110 வேண்டும். இந்தப் பத்து வாரத்துக்குள் ஒரு முறை ஊருக்குப் போவீர்கள் என்றால், ஸ்கூட்டுக்குப் பதில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சென்னைக்குப் போங்கள். ஒரு வழி 1,810 மைல், லைட் கட்டணத்தில் போய்வர 1,810. முடிந்தது. எழும்பூரில் இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது திருச்சி. கோல்டு வந்த பிறகும் அதே வழியில் போனால்தான் அந்த 20 கிலோ கிடைக்கும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பங்காளி டிக்கெட் என்றால், எழுத்து தெரியாமல் நான் ஒரு எண்ணும் சொல்ல மாட்டேன்.

மின்டிக்கெட் | புதன், காலை 7.10

618 இருந்தால் போதும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை.

தேக்கா வாசி | வெள்ளி, மாலை 5.00

உறையூரான், போர்டிங் பாஸ் கிடைத்ததா?

எடிசன்வாசி | சனி, காலை 9.12

பயணி ஐயா, ரத்தான நாளில் வீட்டு உறுப்பினருக்கு முன்னுரிமை என்றீர்கள். அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

முப்பதாண்டுப் பயணி | சனி, காலை 10.30

எழுதப்பட்டதில்லை. விமான நிலையங்களில் நின்று பார்த்தது.

உறையூரான் | அடுத்த புதன், இரவு 11.15

பாஸ் பழைய கோட்டுப் பையில் இருந்தது. கோரிக்கை அனுப்பினேன், டோக்கியோ மைல் ஏறிவிட்டது, முழுத் தூரம். ஃபிராங்க்ஃபர்ட்டுக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் லைட் வாங்கிவிட்டேன். பங்காளி டிக்கெட்டின் எழுத்து பட்டியலிலேயே இல்லை. பொங்கலுக்குச் சென்னை வழி. கணக்குப்பிள்ளை ஐயாவுக்கும் தேக்கா அக்காவுக்கும் நன்றி.

தேக்கா வாசி | அடுத்த வியாழன், காலை 6.50

பொங்கலுக்குள் உங்கள் பத்து வாரம் முடிந்துவிடாதா? தேதியை இன்னொரு முறை பாருங்கள்.