‘அறியொணா’ என்ற சொல்லை எங்கே ஆளலாம்?

அரூர் ஆசிரியை:
பள்ளித் தொன்மை மன்றத்திற்காக எங்கள் பகுதி நடுகல் ஒன்றைப் பற்றிக் குறிப்பு எழுதி வருகிறேன். வீரனின் கையிலுள்ள வாளும் காலருகே உள்ள கெண்டியும் தெளிவாகத் தெரிகின்றன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கல் பொரிந்து உதிர்ந்துவிட்டது. ‘அறியொணாப் பெயருடைய வீரன்’ என்று எழுதினேன். உடன் பணியாற்றும் தமிழாசிரியரோ ‘அறியப்படாத’ என்றாலே போதும் என்கிறார். இரண்டும் ஒன்றுதானா? ‘அறிதற்கரிய’ என்று எழுதினால் என்ன?

தகடூரான்:
ஒன்றல்ல, அம்மா. ‘அறியப்படாத’ என்பது இதுவரை எவரும் அறியவில்லை என்ற அளவில் நிற்கும். ‘ஒண்ணாது’ என்றால் இயலாது என்று பொருளாதலால், ‘அறியொணா’ என்பது எவ்வளவு தேடினாலும் எட்டாது என அறுதியிட்டுவிடுகிறது. இறைவனைப் பாடுவோர்க்குப் பொருந்தும் அச்சொல் வரலாற்றுக் குறிப்புக்கு ஆபத்தானது. அசோகர் கல்வெட்டுகளில் சேர, சோழ, பாண்டியரோடு குறிக்கப்படும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். அதியமான் மரபினர் என்றவர்களும் அவர்களுள் உண்டு. 1981இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று நம் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, மன்னனையே காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு ஒருவர் அவர்களை ‘அறியொணா மரபினர்’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கிருஷ்ணகிரி வாசகர்:
‘அரிய’ என்பது இருபொருள் தரும். ‘பிறவாழி நீந்தல் அரிது’ என்ற குறளடியில், கடினம் என்பதைத் தாண்டி, முடியவே முடியாது என்னும் பொருளே நிற்கிறது. ஆனால் ‘அரிய நூல்’ என்றே கேட்டுப் பழகிய இன்றைய மாணவருக்கு, ‘அறிதற்கரிய பெயர்’ என்பது ஏதோ சிறப்பான பெயர் என்று படக்கூடும். இன்னொன்று: ‘அறியொணா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆதலால், நீங்கள் எழுதியபடி வல்லினம் மிகும்; ‘அறியொணாத பெயர்’ என்றால் மிகாது. ‘சொல்லொணாத் துயரம்’ என்பதை ஒற்றின்றி அச்சிடும் நாளிதழ்களைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது.

மைப்படி எடுப்பவன்:
எனக்கு இம்மூன்றும் வேண்டாம். உதிர்ந்தது கல்லின் மேற்பரப்பு. அந்த வீரனின் பெயர் வேறொரு கல்லில் இருக்கக்கூடும். ஆகவே ‘பெயர் அமைந்த பகுதி சிதைந்துள்ளது’ என்று எழுதுங்கள். அதற்கு முன், வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் ஒருமுறை பாருங்கள். தேய்ந்த எழுத்தானால் நிழலில் எழும்பித் தெரியும், உதிர்ந்திருந்தால், கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் மைப்படியிலும் ஒன்றும் விழாது. மாணவர்கள் சாக்பீஸால் தீட்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.