பழகப் பழக ஒருவர் அழகாகத் தெரிவது ஏன்?

நொய்யல் (கேள்வி)

வணக்கம். எனக்கு 29 வயது. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாக வீட்டில் வரன் பார்த்து வருகிறார்கள். ஜாதகத்தோடு புகைப்படமும் போகிறது. பெரும்பாலும் படத்தைப் பார்த்த அளவிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. நானும் பல வரன்களைப் படத்தை மட்டும் பார்த்து வேண்டாம் என்று சொன்னவள்தான்.

ஒன்றரை ஆண்டுக்கு முன் எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்த ஒருவரை முதல் நாள் பார்த்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவர் முகம் மனத்தில்கூடப் பதியவில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் செய்த பிழையால் எல்லோருடைய இரண்டு நாள் உழைப்பும் வீணானது. யார் செய்தது என்று அவர் கேட்கவே இல்லை. எந்த வவுச்சரிலிருந்து கணக்கு பிசகியது என்று மட்டும் கேட்டு, அந்தப் பெண்ணின் பக்கத்தில் அமர்ந்து, இரவு ஒன்பது மணிவரை சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் முகமே எனக்கு வேறாகத் தெரிகிறது. குணம் பிடித்துப்போனதால் அழகாக இருக்கிறார் என்று என்னையே நான் நம்பவைத்துக்கொள்கிறேனா? தோற்றத்தைத் தாண்டி ஒருவரிடம் நம்மை ஈர்ப்பவை எவை?

பொதிகைச் சாரல்

கல்லூரியில் உளவியல் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் உங்களை ஏமாற்றிக்கொள்ளவில்லை. 2004இல் நிஃபின், வில்சன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே ஆராய்ந்தார்கள். பள்ளி ஆண்டு மலரிலிருந்த படங்களை, அவற்றில் இருப்பவர்களோடு படித்தவர்களிடமும் அவர்களை அறியாத அந்நியர்களிடமும் காட்டி, அழகுக்கு மதிப்பெண் இடச் சொன்னார்கள். ஒரே படம்தான்; ஆனாலும் பழகியவர்கள் இட்ட மதிப்பெண்ணில், அந்த மனிதரை அவர்கள் எவ்வளவு விரும்பினார்கள், எவ்வளவு மதித்தார்கள் என்பது தெளிவாகக் கலந்திருந்தது. தொல்லியல் அகழாய்வுப் பயிற்சிக்கு வந்த மாணவர்களிடம் தொடக்கத்திலும் ஆறு வாரங்கள் கழித்தும் கேட்டபோதும் இதே போக்குதான் தென்பட்டது. ஆகவே, முதலில் முகத்தைப் பார்த்து, பிறகு தனியாகக் குணத்தை எடைபோட்டு, இரண்டையும் கூட்டுகிறோம் என்று எண்ணுவது சரியல்ல. தெரிந்தவரின் முகத்தைப் பார்க்கும் பார்வையிலேயே அவருடைய குணமும் சேர்ந்துவிடுகிறது.

காலமும் இதில் தன் வேலையைச் செய்கிறது. திருமணமானவர்களும் காதலர்களுமாக 167 இணைகளை வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அறிமுகமான சில வாரங்களிலேயே இணைந்தவர்கள் தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே தரத்தினராகவும், நெடுநாள் பழகிய பின் இணைந்தவர்கள் அவ்வளவு பொருத்தமில்லாதவர்களாகவும் இருந்தார்கள். பழகியவர்களுக்கு வேறு பல தெரிந்திருந்ததால் தோற்றத்துக்கு அவ்வளவு எடை இருக்கவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். படத்தோடு முடிந்துவிடும் வரன் பார்த்தலில் நாம் இழப்பது இந்தக் காலத்தைத்தான்.

எந்தக் குணம் என்று கேட்டால், டேவிட் பஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1989இல் வெளியிட்ட, 33 நாடுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வைச் சொல்லலாம். துணையைத் தேர்வதில் ஆண்கள் தோற்றத்துக்கும் பெண்கள் வருமானத்துக்கும் கூடுதல் எடை தருகிறார்கள் என்ற முடிவுதான் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் பரிவும் அறிவும் அந்த இரண்டையும்விட மேலான இடத்தைப் பெற்றன என்பதும், அதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை என்பதும் அதே ஆய்வில் உள்ளவை. அந்த மார்ச் இரவில் நீங்கள் பார்த்தது அந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த செயல்: அந்தப் பெண்ணைக் காயப்படுத்தாத பரிவு, பிழையைக் கண்டுபிடிக்கும் திறமை.

காவிரிக்கரை

தம்பி ஆய்வுகளைச் சொல்லிவிட்டார். நான் 34 ஆண்டுகள் செவிலியராக இருந்து பார்த்ததைச் சொல்கிறேன், அம்மா. வார்டில் நோயாளிகள் எந்த மருத்துவருக்காகக் காத்திருப்பார்கள் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். நின்ற இடத்திலிருந்தே கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டுப் போகிறவருக்காக அல்ல. கட்டிலருகே வந்து, சொல்வதைக் கடைசிவரை கேட்டு, பிறகு வாய் திறப்பவருக்காகத்தான். அத்தகைய ஒருவர் வழுக்கைத் தலையும் குள்ளமான உருவமும் கொண்டவர். அவர் உள்ளே நுழைந்தால் வார்டே வெளிச்சமாகிவிடும் என்று நோயாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதைத்தான் நம் ஊரில் முகம் கொடுத்துப் பேசுவது என்கிறோம். கண்ணோட்டம் என்ற சொல்லுக்கும் பழந்தமிழில் இரக்கம் என்றே பொருள். பிறர் துன்பத்தின் மேல் கண் ஓடுவது. இன்று அதைக் கருத்து, பார்வை என்ற பொருளில் மட்டும் வழங்குகிறோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

தனிவழி

மேலே எழுதிய இருவரோடும் எனக்கு உடன்பாடுதான். ஆனாலும் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். நானும் குணத்தைப் பார்த்துத்தான் திருமணம் செய்துகொண்டேன். அவர் எல்லோரையும் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார், நகைச்சுவையாகப் பேசுவார், வீட்டுக்கு வந்தவர்கள் மயங்கிப்போவார்கள். அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். இனிமையாகப் பேசுவது ஒரு திறமை, அன்பாக நடந்துகொள்வது வேறு என்பது ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது நாங்கள் பிரிந்துவிட்டோம். நான் ஒரு கருத்தை மறுத்துச் சொன்னால் அவர் முகம் மாறிவிடும், பிறகு நாள்கணக்கில் பேச்சே இருக்காது. திருமணத்துக்கு முன் நான் ஒருமுறைகூட அவரிடம் எதையும் மறுத்துச் சொன்னதில்லை. அதனால் அந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை.

ஆகையால் சகோதரி, அவர் பிழை செய்தவரிடம் பொறுமையாக இருந்தது மிக நல்ல அறிகுறி. அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். தான் சொன்னது தவறு என்று பிறர் முன்னிலையில் எடுத்துக்காட்டப்படும்போது அவர் என்ன செய்கிறார்?

நொய்யல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தனிவழி அவர்கள் தம் வேதனையைத் தயங்காமல் எழுதியதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்தபோது போன மாதம் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. மேலாளர் இருந்த கூட்டத்தில், அவர் தயாரித்த தேய்மானக் கணக்கு தவறு என்று நான் சொன்னேன். தாம் செய்ததே சரி என்று அப்போது அவர் வாதாடினார். குரல் மட்டும் உயரவில்லை. மறுநாள் காலை, நான் கேட்காமலேயே, அதே மேலாளர் முன்பு, "நேற்று இரவு மறுபடியும் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி" என்றார்.

வீட்டில் அவரைப் பற்றி இன்னும் பேசவில்லை. ஆனால் இனி எந்த வரனையும் படத்தை மட்டும் பார்த்து வேண்டாம் என்று சொல்வதில்லை என்றும், மூன்று நான்கு முறையாவது நேரில் பேசிய பிறகே பதில் தருவேன் என்றும் அம்மாவிடம் நேற்று சொல்லிவிட்டேன்.