வெர்சாய்க்கு ஒரே நாள்: முதலில் அரண்மனையா, தோட்டமா?

தென்கரை:
ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பாரிஸிலிருந்து பிரெஞ்சு ராஜாக்களின் பழைய அரண்மனை இருக்கும் வெர்சாய் போய்த் திரும்ப அந்த ஒரு நாள்தான் கையில். கூட வருவது 70 வயது தாண்டிய இரண்டு பேர், நாலு வயதுக் குழந்தை ஒன்று. காலை 9 மணிச் சீட்டு எடுத்து அரண்மனையை முடித்துவிடு என்கிறார்கள் பாதிப் பேர். தோட்டத்தை முதலில் பார், அரண்மனையைச் சாயங்காலத்துக்கு வை என்கிறார்கள் மீதிப் பேர். எது சரி? காரணத்தோடு சொல்லுங்கள்.

ஓடுகூரை:
சந்தேகமே வேண்டாம். 9 மணி, அரண்மனை.

உள்ளே பாதை ஒருவழி. ஹெர்குலிஸ், வீனஸ், டயானா, மார்ஸ், மெர்குரி, அப்பல்லோ என்று ராஜாவின் அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு அறையின் கதவு நேரே அடுத்த அறைக்குள் திறக்கும், ஒதுங்கிப் போகத் தனி நடை கிடையாது. ஒரு வழிகாட்டி முப்பது பேரை மார்ஸ் அறையில் நிறுத்திக் கூரை ஓவியத்தைக் காட்ட ஆரம்பித்தால் பின்னால் வரும் எல்லாரும் நிற்க வேண்டியதுதான். பத்தரைக்கு மேல் இந்த அடைப்பு ஒவ்வொரு கதவிலும் இருக்கும். வயதானவர்களுக்கு அது நடையைவிடக் கஷ்டம்.

8.30-க்கே ஏ வாசல் வரிசையில் நில்லுங்கள். சீட்டில் போட்ட நேரத்திலிருந்து அரை மணி வரை உள்ளே விடுவார்கள், ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை அதற்கு முன்னால் இருக்கிறது. கீழ்த்தள வரலாற்றுக் கூடங்களில் நேரம் போக்காமல் மேலே ஏறிவிடுங்கள். உலோகச் சட்டம் போட்ட குழந்தை வண்டியையும் பெரிய பையையும் அறைகளுக்குள் விடமாட்டார்கள். வண்டியைப் பொருள் வைப்பறையில் இலவசமாக வைத்துவிடலாம், ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தயாராக வர வேண்டும்.

ரயிலிலும் ஒரு விஷயம். ஆர்.ஈ.ஆர் சி என்ற புறநகர் ரயில் தடம் பல கிளையாகப் பிரியும். 'வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ்' போகும் வண்டியில் ஏறுங்கள், அந்த வண்டிகளின் நாலெழுத்துப் பெயர் 'வி' என்ற எழுத்தில் தொடங்கும். அங்கிருந்து பத்து நிமிட நடை. அவசரத்தில் 'வெர்சாய் ஷாந்தியே' போகும் வண்டியைப் பிடித்தால் நடை இரண்டு மடங்கு. பழைய பதிவுகளில் மண்டலம் பார்த்துச் சீட்டு எடுக்கச் சொல்லியிருப்பார்கள். 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் ஒரே விலைச் சீட்டுதான், அந்தக் கணக்கு இப்போது தேவையில்லை.

வாய்க்கால்:
ஓடுகூரை அண்ணை சொல்லுறது முழுக்க வரிசைக் கணக்கு. வெயிலையும் தண்ணியையும் அவர் கணக்கில எடுக்கேல்லை.

கண்ணாடி மண்டபத்தின்ர 17 யன்னலும் மேற்குப் பக்கம், தோட்டத்தைப் பார்த்தபடி. எதிர்ச் சுவரில 17 வளைவு, அதில 357 கண்ணாடி. காலமை ஒன்பது மணிக்கு வெயில் கிழக்கால, மற்றப் பக்கத்து முற்றத்தில விழும். ராஜாவின்ர படுக்கையறை 1701-இல இருந்து அந்தப் பக்கம்தான். அந்த நேரம் 73 மீட்டர் மண்டபமும் மங்கலாக் கிடக்கும். பின்னேரம் யன்னலுக்குள்ளால வெயில் சாய்ஞ்சு வந்தால்தான் கண்ணாடிக்கு வேலை.

தோட்டம் இதுக்கு நேர்மாறு. காலமை அரண்மனைக்குப் பின்னால தோட்டத்தின்ர மேல்தளத்தில நிண்டு மேற்குப் பக்கம் பார்த்தால் வெயில் உங்கட முதுகுக்குப் பின்னால. லத்தோனா ஊற்று, பச்சைப் புல்வெளி, அப்பல்லோ குளம், பெரிய வாய்க்கால் எல்லாம் ஒரே கோட்டில துலக்கமாத் தெரியும். பின்னேரம் அதே இடத்தில நிண்டால் கண் கூசும்.

இன்னொண்டு. உங்கட நாள் ஜூன் சனிக்கிழமை. கோடைச் சனிக்கிழமைகளில இரவு நீரூற்று நிகழ்ச்சி நடக்கும். அதுக்காகத் தோட்டத்தைப் பின்னேரம் வழமையைவிட வெள்ளனவே மூடி ஆக்களை வெளியில அனுப்பிப் போடுவினம். அரண்மனையை முதலில பார்த்து, சாப்பிட்டு, ஆறுதலாத் தோட்டத்துக்கு இறங்கினால் பாதியில திரும்ப வேண்டி வரும்.

ஓடுகூரை:
சனிக்கிழமை சீக்கிரம் மூடுவது உண்மை, மறுக்கவில்லை. வெயில் விஷயத்தில்தான் பாதியைச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஜூனில் பாரிஸில் இருட்டவே இரவு பத்து ஆகிவிடும். சாயங்காலம் நாலு மணிக்குச் சூரியன் தென்மேற்கில் உயரத்தில் நிற்கும். வெயில் யன்னல் ஓரத்துத் தரையில் சாய்வாக விழுமே தவிர உள்ளே ஆழமாகப் போகாது. ஐந்தரை வாக்கில்தான் நீங்கள் சொல்லும் வெளிச்சம் வரும். அரண்மனை 6.30-க்கு மூடுகிறது, அதற்கு முன்பே அறை அறையாகக் காலி செய்துகொண்டு வருவார்கள். ஆக உங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம்தான். அதற்காக வயதானவர்களைக் காலையிலிருந்து சரளைப் பாதையில் நடக்கவிட்டு, களைத்துப்போனபின் மாடி ஏற வைப்பீர்களா?

படம் எடுப்பதும் அப்படித்தான். லத்தோனாவின் கீழே நின்று அரண்மனையைத் திரும்பிப் பார்க்கும் காட்சிதான் எல்லாருக்கும் வேண்டும். காலையில் அந்த முகப்பு முழுக்க நிழல், பின்னால் சூரியன்.

அதோடு காலை 9 மணிக்குத் தோட்டத்தில் என்ன இருக்கிறது? ஊற்று ஒன்றும் முழுசாக ஓடாது. குறித்த நேரங்களில்தான் திறப்பார்கள்.

வாய்க்கால்:
ஏன் குறித்த நேரத்தில மட்டும் எண்டு விளங்கினால், நாளை எப்பிடிப் பிரிக்கிறது எண்டதும் விளங்கும்.

வெர்சாய் மேட்டு நிலம். பக்கத்தில ஆறு இல்லை. ஊற்றுக்குத் தண்ணியைத் தள்ளுறது மோட்டர் இல்லை, உயரம். மேல தேக்கங்களில தண்ணியை நிரப்பி வைச்சு, அது குழாய்க்குள்ளால கீழ இறங்கிற வேகத்திலதான் பீச்சியடிக்கும். தேக்கத்தில இருக்கிறது எவ்வளவோ அவ்வளவுதான் ஓட்டம். இந்த அரண்மனையைப் பெருசாக் கட்டுவிச்ச ராஜா பதினாலாம் லூயி காலத்திலையும் இதே தட்டுப்பாடு. ஊற்றுக்காரர் ராஜா எந்தப் பக்கம் வாறார் எண்டு பார்த்து, விசில் அடிச்சு ஒராளுக்கொராள் சொல்லி, அவர் வர முன்னம் திறந்து, அவர் போனாப் பிறகு பூட்டினவை. இண்டைக்கும் 35 கிலோமீட்டர் அளவுக்குக் குழாய் நிலத்துக்குக் கீழ கிடக்குது. அதில ஒரு பகுதி அந்தக் காலத்து வார்ப்பிரும்பு. யாழ் வாத்தியம் மாதிரி வளைஞ்ச கைபிடி உள்ள ஒரு நீட்டுச் சாவியை நிலத்துக்குள்ள விட்டு, ஊற்றுக்காரர் மெல்ல மெல்லத் திருப்பித்தான் வால்வைத் திறப்பினம். டக்கெண்டு பூட்டினால் ஓடி வாற தண்ணி முட்டி அடிச்சுக் குழாயே வெடிச்சுப் போகும்.

அதால வாசலில தாற அட்டவணையை எடுத்து, காலமை ஊற்று ஓடுற நேரத்துக்கு லத்தோனாவில நில்லுங்கோ. அதுக்கு முன்னம் தென்பக்கத் தோப்புகளை, அதாவது வேலி அடைச்சு உள்ள ஊற்றும் சிலையும் வைச்ச சின்னத் தோட்டங்களை, முடியுங்கோ. ஒன்பதுக்கும் பதினொண்டுக்கும் இடையில தோப்புகளுக்குள்ள சனம் குறைவு.

மேற்குச்சன்னல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 'இன்றைக்கும் ஸேன் ஆற்றிலிருந்து மார்லி யந்திரம்தான் தண்ணீர் தருகிறது' என்று பல பயணப் பதிவுகளில் வருகிறது. யாராவது அதை நம்பிவிடக் கூடாது. மார்லி யந்திரம் 1684-இல் ஓடத் தொடங்கியது. ஸேன் ஆற்றில் 14 சக்கரம், ஆற்றுநீரைச் சுமார் 160 மீட்டர் மேலே ஏற்றியது. அது போதாமல் 1685-இல் யூர் ஆற்றைத் திருப்பிக் கொண்டுவரக் கால்வாய் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான படைவீரர்கள் மண் வெட்டினார்கள், பலர் காய்ச்சலில் செத்தார்கள். 1688-இல் போர் மூண்டதும் வேலை நின்றது, பிறகு முடிக்கவே இல்லை. மாந்தெனோன் என்ற ஊரில் பாதியில் நின்ற நீர்ப்பாலம் இன்னும் இருக்கிறது. இப்போது ஓடுவது சுற்று நீர். ஊற்றுகளில் விழும் தண்ணீர் பெரிய வாய்க்காலுக்கு இறங்குகிறது, அங்கிருந்து மறுபடி மேல் தேக்கங்களுக்கு ஏற்றப்படுகிறது. வாய்க்கால் சொன்ன 'மோட்டார் இல்லை' என்பது ஊற்றுக்கு இறங்கும் வழிக்கு மட்டும் பொருந்தும்.

எது முதலில் என்பதற்குப் பதினாலாம் லூயியே பதில் எழுதி வைத்திருக்கிறார். தோட்டத்தை எப்படிச் சுற்றிக்காட்ட வேண்டும் என்று 1689-க்கும் 1705-க்கும் இடையில் பல தடவை திருத்தி எழுதிய குறிப்பு அது. அரண்மனையிலிருந்து மேல்தளத்துக்கு வா, படிகளின் மேலே நில், பார். லத்தோனாவுக்கு மேலே போய் நில், அப்புறம் திரும்பி அரண்மனையைப் பார். அடுத்தது இடதுபக்கம், குளிர்காலத்தில் ஆரஞ்சு மரங்களை வைக்கும் ஆரஞ்சுக்கூடத்தின் பக்கம். எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்பதுதான் அதில் முழுக்க. அரண்மனையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் இந்த வரிசையை வைத்துதான் தோட்டத்தை வடிவமைத்த லெ நோத்ர் போட்ட கோடுகள் புரிகின்றன. அந்த வகையில் நான் ஓடுகூரை பக்கம்.

ஆனால் இரண்டு பேருமே தோட்டத்துக்கு அப்பால் உள்ள சின்ன அரண்மனைகளான த்ரியானோனை மறந்துவிட்டீர்கள். அது மதியம் 12-க்குத்தான் திறக்கும். அரண்மனையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர், 25 நிமிட நடை. பெரிய த்ரியானோனின் இளஞ்சிவப்புச் சலவைக்கல் தூண்வரிசையும், பதினாறாம் லூயியின் ராணி மரி அந்துவானெத்துக்காக 1783 முதல் கட்டிய குடிசைக் கிராமமும் முழுச் சீட்டில் அடக்கம். அந்தச் சீட்டின் பெயர் 'பாஸ்போர்ட்', கடவுச்சீட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கூட்டம் அங்கே பாதிகூட இருக்காது.

ஓடுகூரை:
ஒரே நாளில் மூன்றும் வேண்டும் என்பதுதான் எல்லாத் தவறுக்கும் மூலம். வயதானவர்களோடு அரண்மனை, தோட்டம், த்ரியானோன் மூன்றையும் போட்டால் மூன்றுமே அரைகுறையாகும்.

தென்கரை, நாளை மாற்ற முடிந்தால் புதனோ வியாழனோ வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் அரண்மனை விடுமுறை. செவ்வாய் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் மூடியிருக்கும், அதனால் அந்தக் கூட்டமும் வெர்சாய்க்குத் திரும்பும். சனி ஞாயிறு நீரூற்றுக் கூட்டம். மாற்ற முடியாதென்றால் தோட்டச் சீட்டுக்குச் செலவு செய்யாமல், நவம்பரிலிருந்து மார்ச் வரை தோட்டம் இலவசமாக இருக்கும் நாளில் இன்னொரு தடவை வரலாம்.

வாய்க்கால்:
இதைத்தான் ஒத்துக்கொள்ளேலாது. இலவச நாளில தோட்டம் திறந்திருக்கும், தோப்புகள் பூட்டிக் கிடக்கும். நடன மண்டபத் தோப்பு, தூண் மண்டபத் தோப்பு, மண்ணுக்குள்ள புதைஞ்ச என்செலாதுஸ் அரக்கன், எல்லாத்துக்கும் வாசலில கம்பிக் கதவு. சீட்டு எடுக்கிற நாளிலதான், ஊற்று நாளோ, பாட்டுப் போடுற இசைத்தோட்ட நாளோ, அதுகளைத் திறப்பினம். குளிர்காலத்தில சலவைக்கல் சிலைகளுக்கும் உறை போட்டு மூடிப்போடுவினம். ஆரஞ்சு மரமெல்லாம் பெட்டியோட உள்ள போயிடும், அக்டோபரில போனால் மே மாதம்தான் வெளியில வரும். மிஞ்சுறது நீட்டு வேலியும் சரளைப் பாதையும்தான்.

நடன மண்டபத் தோப்பை மட்டும் எண்டாலும் பாருங்கோ. வட்டத் திண்ணை மாதிரிப் படிகள், ஒவ்வொரு படியிலும் பொருக்குக் கல்லும் கடற்சிப்பியும் பதிச்சிருக்கு. தண்ணி படிப்படியா வழிஞ்சு வரேக்க சிப்பியெல்லாம் நனைஞ்சு நிறம் மாறும். காய்ஞ்சு கிடக்கேக்க அது வெறும் சாம்பல் நிறக் கல்லுத்தான்.

மேற்குச்சன்னல்:
தோப்பு விஷயத்தில் வாய்க்கால் சொல்வதே சரி. ஆனால் பழைய மரங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பதினாறாம் லூயி 1774-இல் தொடங்கித் தோட்டத்தை வெட்டி மறுபடி நட்டார். ஈசாப் கதைகளுக்கு 39 ஊற்று வைத்திருந்த புதிர்வழித் தோப்பும் அப்போதுதான் போனது. 1999 டிசம்பர் 26 புயலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்தன. கோடுகள் பதினேழாம் நூற்றாண்டு, மரங்களில் பெரும்பாலானவை நம் காலம்.

தென்கரை:
நாளை மாற்ற வழியில்லை. முழங்கால் வலி உள்ளவருக்கு லத்தோனாப் படிகள் தவிர வேறு வழி உண்டா? குழந்தை வண்டி?

ஓடுகூரை:
படிகளைத் தவிர்க்கலாம். லத்தோனாவின் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் சரிவுப் பாதை உண்டு, வண்டி தாராளமாகப் போகும். இறங்குவதைவிடத் திரும்பி ஏறுவதுதான் சிரமம், மேலே வரை தொடர்ந்து ஏற்றம். வடக்குத் தளத்திலிருந்து புறப்படும் குட்டி ரயில் த்ரியானோன், பெரிய வாய்க்கால் என்று சுற்றும், தோப்புகளுக்குள் போகாது. வாடகை மின்வண்டியில் நாலு பேர் போகலாம். ஓட்டுநர் உரிமம் கையில் வேண்டும், குறித்த பாதையை விட்டு விலகினால் வண்டி நின்றுவிடும். சாப்பாடு கொண்டுபோனால் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட விடமாட்டார்கள், தோட்டத்துக்கு வெளியே பூங்காப் பகுதியில் சாப்பிடலாம். அரண்மனையில் 18 வயதுக்குக் கீழும், தோட்டத்தில் 6 வயதுக்குக் கீழும் கட்டணம் இல்லை.

சனிக்கிழமைதான் என்றால், தோட்டம் சீக்கிரம் மூடும் காரணத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு ஒரு மாற்றம் சொல்கிறேன். 9 மணிக்கு அரண்மனை, பதினொன்றுக்குள் வெளியே வந்து நேரே தோட்டம். த்ரியானோன் வேண்டாம்.

வாய்க்கால்:
நான் இன்னும் அரண்மனைக்குப் பின்னேரம் நாலு மணிச் சீட்டுத்தான் சொல்லுவன். ஆனால் முழங்கால் வருத்தம் உள்ளவரும் வருகினம் எண்டால் பின்னேரம் படி ஏற்றிறது சரியில்லைத்தான். அப்ப ஓடுகூரை அண்ணையின்ர திட்டத்தில ஒண்டை மட்டும் மாத்துங்கோ: பதினொண்டு எண்டில்லாமல், காலமை ஊற்று தொடங்க முன்னம் லத்தோனாவுக்குக் கீழ நிக்கிற மாதிரி வெளியில வாங்கோ. வரலாற்றுக் கூடங்களை விட்டால் நேரம் காணும். லத்தோனா எண்ட தெய்வத்தையும் அவவின்ர பிள்ளைகளையும் ஏசின ஊர்ச்சனம் தவளையா மாறுற கதை அது. பாதி மனிசன், பாதி தவளை எண்டு சிலர் வாயைப் பிளந்தபடி நிற்பினம், முழுத்தவளையள் பொன்பூச்சோட சுத்தி இருக்கும். நாலு வயதுப் பிள்ளையை விளிம்புக்குக் கிட்டத் தூக்கிப் பிடியுங்கோ, எல்லாத் தவளையின்ர வாயிலயும் இருந்து தண்ணி பீச்சிறது பிள்ளைக்கு வடிவாத் தெரியும்.