பாபநாசம் அணை நீர்மட்டம் பாக்கப் போனா யூடியூப் ஷார்ட்ஸ்ல (குட்டி வீடியோ) முங்க வேண்டியிருக்கு

கேள்வி: அண்ணாச்சிமாரே, அணை நிலவரம், குற்றாலச் சீசன், வாழை விவசாயம். இந்த மூணு சேனல் மட்டும் போதும். யூடியூப் அடுக்குத மத்த வீடியோவை எப்படி நிப்பாட்ட?

பதில் 1: செட்டிங்ஸ்ல போயி வாட்ச் ஹிஸ்டரியை ஆஃப் பண்ணும்வே. பழைய ஹிஸ்டரியையும் அழிக்கணும். அதை விட்டுட்டுத்தான் பலபேரு “ஒண்ணும் மாறல”ங்காவ. ரெண்டும் செஞ்சா முகப்பு வெறிச்சுனு கெடக்கும். போன்ல ரெண்டு ஜிமெயில் இருந்தா ரெண்டுலயும் செய்யணும்.

பதில் 2: அதோட நிக்காதீரும், சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்துலயும் ஷார்ட்ஸ் எட்டிப் பாக்கும். எஃப்-டிராய்டுங்க இலவச செயலிக் கடையில ‘ஃபீடர்’ செயலியை எறக்கும். சேனல்ல புதுசா வர்றதை ஆர்எஸ்எஸ்ங்க பட்டியல் (ஃபீடு) வழியா எடுத்துக் காட்டும். கம்ப்யூட்டர்ல யூடியூப் தொறந்து, சேனல் விவரத்துல ‘ஷேர்’ அமுக்கினா சேனல் ஐடி கிடைக்கும்: 24 எழுத்து, யூசின்னு (UC) ஆரம்பிக்கும். அந்த யூசியை எடுத்துட்டு யூயூஎல்எஃப் (UULF) போட்டு, அதைப் பிளேலிஸ்ட் ஐடியா வச்சு ஆர்எஸ்எஸ் முகவரி அமைச்சு ஃபீடர்ல சேத்தா நீள வீடியோ மட்டும் வரும். கூகுள் எங்கயும் சொல்லாத வழி, என்னைக்கு வேணா அடைபடலாம். ஒரு ஃபீடுல கடைசி 15 வீடியோதான் நிக்கும். தினம் நெறையப் போடுத சேனல்னா மூணு நாள் செயலி ஃபீடைப் புதுப்பிக்காம விட்டா பழசு நழுவிரும்.

பதில் 3: இன்ஸ்டாவுக்கு? மேல ‘இன்ஸ்டாகிராம்’ங்க பேரைத் தொட்டு ‘ஃபாலோயிங்’ எடுத்தா தேதி வரிசைதான். ஆனா மூடித் தொறந்தா பழையபடி ஆயிரும், அதான் எரிச்சல்.