ரோஜா மொட்டில் கால் இல்லாத புழு: கொல்லவா, விடவா?

ரோஜாப்பித்து:
மொட்டு, இளந்தண்டு எல்லாம் சாறு உறிஞ்சும் பச்சை அசுவினிப் பூச்சி. சோப்புக் கரைசல் அடிக்கலாம் என்று இலையைத் திருப்பினால், கூட்டத்தின் நடுவே ஒரு புழு. ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். காலும் இல்லை, கண்ணும் இல்லை. தோல் வழியே உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது. பக்கத்தில் கருப்பாக, பிசுபிசுவென்று ஒரு சொட்டு. மொட்டைத் தின்கிற புழுவா இது? தொடவே அருவருப்பாக இருக்கிறது.

பூச்சிநோக்கி:
அருவருப்பு இருக்கட்டும், நசுக்கிவிடாதீர்கள். அது சிர்பிட் ஈயின் புழு; பூவருகே அந்தரத்தில் நிற்குமே, அந்த ஈ.

செடியைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழு, அந்துப்பூச்சிப் புழு என்றால் தலை தனியாகத் தெரியும், மார்புப் பக்கம் மூன்று ஜோடிக் கால் இருக்கும். இதற்கு இரண்டும் கிடையாது. கண் இல்லாததால் கூரான முன்பக்கத்தை இடமும் வலமும் ஆட்டித் துழாவும். அசுவினி தட்டுப்பட்டால் கவ்வி, அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலை எறியும். வேட்டை பெரும்பாலும் இரவில்தான். பகலில் பார்த்தால் சுத்தச் சோம்பேறி! டார்ச்சோடு ராத்திரி ஒருமுறை போய்ப் பாருங்கள், கிளம்ப மனம் வராது. கூட்டுப்புழு ஆவதற்குள் ஒரே புழு சில நூறு அசுவினிகளைத் தீர்த்துவிடும்.

அந்தக் கருப்புச் சொட்டு அதன் கழிவு. வயிற்றில் சேர்ந்ததைக் கூட்டுப்புழு ஆகும் முன் வெளியே தள்ளும்.

எந்த இனம் என்பதைத் தாய் ஈயை வைத்துச் சொல்வதுதான் சுலபம். செடியருகே குளவி நிறத்தில் ஒன்று அந்தரத்தில் அசையாமல் நிற்கிறதா? ஆரஞ்சு வயிற்றில் தடித்த கருப்புப் பட்டையும் மெல்லிய பட்டையும் மாறி மாறி இருந்தால் அது எபிசிர்பஸ் பால்டியேட்டஸ். கொட்டாது. குளவிக்கு நான்கு இறக்கை, இதற்கு இரண்டுதான்.

வள்ளி:
எல்லாம் சரி அண்ணா, புழு தின்று முடிக்கும்வரை மொட்டு தாங்குமா? நான் சோப்புத் தண்ணீர்தான் அடிப்பேன்.

பூச்சிநோக்கி:
அடியுங்கள் வள்ளி, ஆனால் புழு இல்லாத கிளைகளில் மட்டும். மேலே பட்டால் சோப்புக்கு அசுவினியும் ஒன்றுதான், புழுவும் ஒன்றுதான். வேரில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். அது பூந்தேன் வரை போகும், தாய் ஈ குடிப்பது அதைத்தான்.

ரோஜாப்பித்து:
நீங்கள் சொன்ன பட்டை ஈ வந்து நிற்கிறது! இலையடியில் பழுப்பாக, ஒரு முனை மட்டும் உருண்டு, துளிபோல ஏதோ ஒட்டியிருக்கிறது. அதுவும் இதன் வேலைதானா?

பூச்சிநோக்கி:
கூட்டுப்புழு. இலையைக் கிள்ளாமல் விடுங்கள். உருண்ட முனை மூடிபோலத் திறந்திருந்தால் ஈ வந்துவிட்டது என்று அர்த்தம். மூடிபோலத் திறக்காமல், கடித்த ஓட்டை இருந்தால் வெளியே வந்தது ஒட்டுண்ணிக் குளவி. டிப்ளசான் லேட்டடோரியஸ் என்ற குளவி இப்படித்தான் ஈயின் முட்டையிலோ இளம் புழுவிலோ முட்டையிட்டு உள்ளேயே வளரும். அப்புறம், தண்டில் எறும்பு ஏறுகிறதா? அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக அது புழுவை விரட்டும். தண்டைச் சுற்றித் துணி கட்டி, அதன்மேல் பசை தடவிவிடுங்கள்.